மூளைச் சிதைவு நோய் லேபில் யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன செய்கிறார்கள்?

கேட்டவர் அமெரிக்காவில் பயோடெக்னாலஜியில் எம்.எஸ். முடித்துவிட்டு ஓபிடியில் (படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி) இருக்கிறார். அல்சைமர், பார்க்கின்சன், ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் சிதையும் நோய்) போன்ற நோய்களை ஆராயும் ஒரு பல்கலைக்கழக லேபில் ரிசர்ச் டெக்னீஷியன் வேலை வந்திருக்கிறது. "அங்கே எல்லாரும் டாக்டர்களாகவும் பெரிய விஞ்ஞானிகளாகவும் இருப்பார்களே, எனக்கு அங்கே என்ன வேலை? டெஸ்ட் ட்யூப் கழுவ விட்டுவிடுவார்களா?" என்பது அவருடைய கேள்வி.

டெஸ்ட் ட்யூபை இப்போது யாரும் கழுவுவதில்லை. முக்கால்வாசி பிளாஸ்டிக்தான், ஒரு முறை பயன்படுத்திவிட்டுக் குப்பைக்குப் போய்விடும். மற்றபடி கேள்வி நியாயமானதே. இப்படியொரு லேபில் திசுப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சொந்தக் கதையை மட்டும் சொன்னால் அது ஒரு லேபின் கதையாகவே நின்றுவிடும். அதனால் எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூளைச் சிதைவு நோய் ஆய்வு மையம். வர்ஜீனியா லீ, ஜான் ட்ரோஜனோவ்ஸ்கி என்ற தம்பதி 1992-இல் தொடங்கியது.

அந்த மையத்திலிருந்து 2006 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் நாலே பக்கத்தில் ஒரு பேப்பர் வந்தது. ஏ.எல்.எஸ். நோயாளிகளின் நரம்பு செல்களிலும், ஒருவகை முன்மூளை மறதி நோயிலும் தேங்கிக் கிடக்கும் கட்டிகள் எந்தப் புரதத்தால் ஆனவை என்பது அதுவரை தெரியாது. அது டி.டி.பி-43 என்று இந்தப் பேப்பர் சொன்னது. ஜப்பானியக் குழு ஒன்றும் தனியாக அதே வருஷம் அதே முடிவுக்கு வந்தது. இரண்டு நோயும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. விஷயத்தை விடுங்கள், அந்தப் பேப்பரின் தலைப்புக்குக் கீழே பாருங்கள். 19 பெயர்கள் இருக்கும். லேப் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள அந்தப் பெயர் வரிசையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதல் பெயர் மானுவெலா நாய்மன். ஜெர்மனியிலிருந்து வந்த நரம்பு நோயியல் மருத்துவர். கை வேலையில் பெரும்பங்கு செய்தவருக்குத்தான் எங்கள் துறையில் முதல் இடம். கடைசிப் பெயர் லீ, அதற்கு முந்தையது ட்ரோஜனோவ்ஸ்கி. கடைசி இடம் லேபின் தலைவருக்கு, அதாவது பி.ஐ.க்கு. இந்த மூவருக்கும் நடுவே இருக்கும் 16 பேரைத்தான் வெளியே யாருக்கும் தெரியாது. அதில் ஃபிலடெல்ஃபியாவிலேயே நோயாளிகளைப் பார்த்துவந்த நரம்பியல் டாக்டர்கள் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ, வான்கூவர், மியூனிக் என்று தூரத்து ஊர்களிலிருந்து நோயாளிகளின் மூளைத் திசுவையும் நோய் விவரத்தையும் கொடுத்தவர்கள் உண்டு. மற்றவர்கள் அந்த லேபின் பெஞ்சில் நின்றவர்கள்.

அவர்கள் செய்ததை எளிதாகச் சொல்லிவிடலாம், செய்வதுதான் கஷ்டம். இறந்தவர் தானமாகத் தந்த மூளையிலிருந்து பாதிக்கப்பட்ட பகுதியை எடுத்து அரைத்து, ஒவ்வொரு கரைசலாகக் கரைத்துப் பார்த்து, கடைசிவரை எதிலும் கரையாமல் அடம்பிடிக்கும் வண்டலைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வண்டலை எலிக்கு ஊசியாகப் போட்டால் எலியின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும். அந்த ஆன்டிபாடிகளில் எது நோயாளியின் மூளையில் மட்டும் ஒட்டுகிறது, எது ஆரோக்கியமான மூளையில் ஒட்டாமல் விடுகிறது என்று ஒவ்வொன்றாக ஸ்லைடில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை உதவாது. உதவுகிற ஒன்றிரண்டைக் கண்டுபிடிக்கும்வரை யாரோ ஒருவர் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். இதில் மேதைமை எங்கே, கூலி வேலை எங்கே என்று கோடு கிழிக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தலைவர்களைப் பற்றிக் கொஞ்சம். லீ சீனாவின் சோங்சிங்கில் பிறந்தவர். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் பியானோ படிக்கப் போனவர், பிறகு வேதியியல் பக்கம் திரும்பிவிட்டார். பென்சில்வேனியாவில் ஆசிரியராக இருக்கும்போதே அங்குள்ள வார்ட்டன் வணிகப் பள்ளியில் எம்.பி.ஏ.வும் முடித்தார். ட்ரோஜனோவ்ஸ்கி நரம்பு நோயியல் மருத்துவர். 2022 பிப்ரவரியில் காலமானார். டி.டி.பி-43 கண்டுபிடிப்புக்காக லீக்கு 2020-க்கான பிரேக்த்ரூ பரிசு கிடைத்தது, 30 லட்சம் டாலர். எம்.பி.ஏ. எதற்கு என்று கேட்கலாம். பி.ஐ. ஆகிவிட்டால் பிப்பெட்டைத் தொடவே நேரம் இருக்காது. கிராண்ட் (ஆராய்ச்சிக்கான பண உதவி) கேட்டு எழுதுவது, எழுதியது திரும்பி வந்தால் மறுபடி எழுதுவது, யாருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்று பார்ப்பது, லேப் மீட்டிங்கில் உட்கார்ந்து கேள்வி கேட்பது, இதுதான் வேலை. ஒரு சின்ன கம்பெனி முதலாளியின் தலைவலி முழுவதும் உண்டு, லாபம் மட்டும் கிடையாது.

இதே பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய தொடர்பும் இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளின் நரம்பு செல்களுக்குள் காணப்படும் உருண்டைகளுக்கு 'லெவி உருண்டை' என்று பெயர். 1912-இல் அவற்றை விவரித்த ஃப்ரிட்ஸ் லெவி, மியூனிக்கில் அல்சைமரின் லேபில் வேலை செய்த இளைஞர். யூதர் என்பதால் ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிக் கடைசியில் சேர்ந்த இடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். 1950-இல் அந்த மாநிலத்திலேயே இறந்தார். அந்த உருண்டைகள் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதத்தால் ஆனவை என்று 1997-இல் 'நேச்சர்' இதழில் வந்த பேப்பர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜும் பென்சில்வேனியாவும் சேர்ந்து எழுதியது. லெவி இறந்து நாற்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

இந்தக் கால இடைவெளிதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இந்த நோய்கள் மனித மூளையில் சத்தமில்லாமல் வளர இருபது வருஷம்கூட ஆகும். எலியில் பார்க்க வேண்டுமானால் எலி கிழமாகும்வரை ஒன்றரை, இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். கிராண்ட் பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் போகாது. போஸ்ட்டாக் ஒப்பந்தம் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற சமாச்சாரம். உங்கள் ஓபிடி, அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தரும் ஸ்டெம் நீட்டிப்பையும் சேர்த்தால் மூன்று வருஷம். நோய் ஒரு வேகத்தில் போகிறது, அதை ஆராயும் மனிதர்களின் வாழ்க்கை இன்னொரு வேகத்தில் போகிறது. லேபுக்குள் நீங்கள் பார்க்கப்போகும் சண்டை, சோர்வு, அவசரம் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையிலிருந்துதான் வருகிறது.

இதில் அதிகம் அடிபடுவது போஸ்ட்டாக்குகள். பி.எச்டி முடித்து, முப்பது வயதைத் தாண்டி, பேராசிரியர் வேலைக்குக் காத்திருக்கும் கூட்டம். இந்தியர், சீனர், கொரியர், ஐரோப்பியர் என்று கலவையாக இருக்கும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2024-இல் புது போஸ்ட்டாக்குக்கு வைத்த வருடாந்தர உதவித்தொகை 61,008 டாலர். பாஸ்டனிலோ சான் ஃபிரான்சிஸ்கோவிலோ வாடகை கொடுத்தவர்களுக்கு அது எவ்வளவு தாங்கும் என்று தெரியும். 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் போஸ்ட்டாக்குகளும் பி.எச்டி மாணவர்களும் இருந்தார்கள். செல்லுக்குத் தீனி மாற்றுவதா, மறியலுக்குப் போவதா என்று அந்த வாரங்களில் தவித்த நண்பர்கள் எனக்கு உண்டு.

போஸ்ட்டாக்கின் வேலை எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். அதே பென்சில்வேனியா மையத்திலிருந்து 2012-இல் வந்த பேப்பர், கெல்வின் லக் முதல் ஆசிரியர். சோதனைக் குழாயில் செய்த ஆல்ஃபா-சைனூக்ளின் இழைகளைச் சாதாரண எலியின் மூளையில் ஒரே ஒரு முறை ஊசியால் செலுத்தினார்கள். பிறகு 30 நாள், 90 நாள், 180 நாள் என்று பொறுத்துப் பார்த்தார்கள். கட்டி ஒரு செல்லிலிருந்து தொடர்புள்ள அடுத்த செல்லுக்குப் பரவியிருந்தது, டோபமின் செல்கள் செத்திருந்தன, எலி தடுமாறியது. இன்று உலகம் முழுக்கப் பார்க்கின்சன் லேப்கள் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன. படிக்க ஒரு பத்தி. ஆனால் 180 நாள் என்பது ஆறு மாதம். ஊசி போட்ட இடம் கொஞ்சம் பிசகியிருந்தாலும் அது தெரியவருவது ஆறு மாதம் கழித்துத்தான்.

எலி அறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பல்கலைக்கழகத்தின் விலங்குப் பராமரிப்பு ஊழியர்கள் இருப்பார்கள். காலையில் முதலில் உள்ளே போகிறவர்கள் அவர்கள்தான். எந்தக் கூண்டில் எலி சாப்பிடவில்லை, எது முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று விஞ்ஞானிக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பேப்பரில் அவர்கள் பெயர் அநேகமாக வராது. உருளும் தடியில் எலி எத்தனை விநாடி தாக்குப்பிடிக்கிறது என்று அளப்பது உங்களைப் போன்ற டெக்னீஷியன் கைக்கு வரும். அதே ஆள், அதே நேரம், அதே அறை என்று கெடுபிடி செய்வார்கள். வீண் சடங்கு என்று நினைக்காதீர்கள். மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014-இல் காட்டினார்கள்: பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால், அந்த வாசனைக்கே எலிகள் மிரண்டு, வலி உணர்வுகூட அடங்கிப்போகிறது. முந்தின நாள் ஓர் ஆண் போட்டிருந்த டி-ஷர்ட்டை அறையில் வைத்தாலும் அதே கதைதான். அளக்கிறவர் யார் என்பதே அளவை மாற்றிவிடும்.

இனி என் பிரிவுக்கு வருகிறேன். பெரிய லேப்களுக்கு மூளை வங்கி என்று ஒன்று சேர்ந்திருக்கும். இறந்த பிறகு மூளையைத் தருவதாக நோயாளியும் குடும்பமும் முன்பே எழுதிக் கொடுத்திருப்பார்கள். மூளை வங்கி ஒருங்கிணைப்பாளரின் போன் ராத்திரி, பண்டிகை என்று பார்க்காமல் அடிக்கும். முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் மூளையை எடுத்தாக வேண்டும். தாமதமானால் திசுவில் ஆர்.என்.ஏ. மாதிரி மென்மையானவை சிதையத் தொடங்கிவிடும். சவ அடக்க நிலையத்தோடு பேசுவது, வண்டி ஏற்பாடு, பிரேதப் பரிசோதனை உதவியாளரை எழுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. அப்பாவை இழந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மகளிடம் படிவத்தை நினைவூட்ட வேண்டியவரும் அவரே. இந்த வேலைக்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது. நான் பார்த்தவர்களில் நன்றாகச் செய்தவர்கள் முன்னாள் நர்ஸ்கள்.

மூளை வந்ததும் முதலில் எடை போடுவோம். சாதாரணமாக 1300, 1400 கிராம் இருக்கும். முற்றிய அல்சைமரில் ஆயிரத்துக்குக் கீழே போனதும் உண்டு. படம் எடுத்து நடுவே பிளந்து, ஒரு பாதியை ஃபார்மலினில் இரண்டு வாரத்துக்கு மேல் ஊற விடுவோம். மறுபாதியைப் பகுதி பகுதியாக வெட்டி, உறைய வைத்து, எண் ஒட்டி மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு அனுப்புவோம். நடுமூளையைக் குறுக்கே வெட்டும்போது அறையில் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். ஆரோக்கியமான மூளையில் அங்கே இருபக்கமும் மை தீற்றியது போலக் கறுப்புப் பட்டை தெரியும். பார்க்கின்சன் மூளையில் அது வெளுத்துப்போயிருக்கும். மைக்ரோஸ்கோப் வேண்டாம், வெறுங்கண்ணே போதும். புதிதாக வந்த எம்.எஸ். மாணவர்கள் வருஷக்கணக்காகப் படித்த பாடத்தை முதன்முதலாக நம்புவது அந்த இடத்தில்தான்.

ஃபார்மலினில் ஊறியது மெழுகுக் கட்டியாகி என் மேசைக்கு வரும். மைக்ரோடோம் என்ற சீவும் இயந்திரத்தில் 6 மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கட்டியை ஐஸில் வைத்துக் குளிர்விக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு கசங்கும். சக்கரத்தை ஒரே சீராகச் சுற்றினால் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பனாக வரும். தூரிகையால் அதைத் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் விட்டால், பால் மேல் ஆடை படிவது போல மிதந்து சுருக்கம் விரியும். அந்த நேரம் பார்த்து ஸ்லைடைச் சாய்வாகத் தண்ணீருக்குள் விட்டு, குமிழி வராமல் ஏந்திக்கொள்ள வேண்டும். பேசினால், தும்மினால், யாராவது கதவைத் திறந்தால் சீவல் பறந்துபோகும். பனிக்காலத்தில் காற்று வறண்டு, நிலைமின்சாரத்தால் சீவல் கத்தியிலேயே அப்பிக்கொண்டு உயிரை வாங்கும். ஒரு நோயாளியின் ஒரு மூளைப் பகுதிக்கு இப்படி வரிசையாகப் பல ஸ்லைடுகள். பத்து வருஷம் இதைச் செய்தவர் சீவுவதும் ஆறு மாதம் செய்தவர் சீவுவதும் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் வேறு வேறு.

அதனால்தான் உங்களுக்குத் தெளிவாகச் சொல்கிறேன்: டெக்னீஷியன் என்ற பெயரைப் பார்த்து வேலையைக் குறைவாக எடை போடாதீர்கள். போஸ்ட்டாக்குகள் வருவார்கள், போவார்கள். பி.எச்டி மாணவர் ஐந்தாறு வருஷத்தில் கிளம்பிவிடுவார். எந்த ஆன்டிபாடி எந்தத் தொகுதியில் சரியாக வேலை செய்தது, எந்தப் பெட்டியில் எந்த வருஷத்து மூளை, பழைய நோட்டில் எழுதியதற்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் லேப் மேனேஜரும் மூத்த டெக்னீஷியனும் போனால் கூடவே போய்விடும். பி.ஐ.க்கள் இதை வாயால் ஒப்புக்கொள்வார்கள், பட்ஜெட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கிராண்ட் சுருங்கினால் முதலில் வெட்டுப்படுவது இந்த நாற்காலிதான். இது எனக்குப் பிடிக்காத விஷயம், மறைக்கவில்லை.

ஃப்ரீசரைப் பார்த்துக்கொள்வதும் இவர்கள்தான். 2012-இல் பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் இருந்த ஹார்வர்ட் மூளை வங்கியில் ஒரு ஃப்ரீசர் நின்றுபோனது. வெளித்திரை சரியான குளிரைக் காட்டிக்கொண்டிருந்தது, அலாரமும் அடிக்கவில்லை. உள்ளே ஏறக்குறைய 150 மூளைகள் உருகிவிட்டன. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்டிஸம் ஆய்வுக்கென்று அரும்பாடுபட்டுச் சேர்த்தவை. ஒரே மூளையின் துண்டுகளை இரண்டு மூன்று ஃப்ரீசரில் பிரித்து வைப்பது இதற்காகத்தான். கையுறையோடு கதவைத் திறந்து உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அப்படித்தான்.

செல் வளர்ப்பு அறையில் இருப்பவர்களுக்குச் சனி, ஞாயிறு என்பதே கிடையாது. நோயாளியின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பி, அதை நரம்பு செல்லாக வளர்ப்பார்கள். வாரக்கணக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் செல்லின் ஊட்டக் கரைசலை மாற்ற வேண்டும். தீபாவளியானாலும் முறை வைத்துத்தான் போவார்கள். கணினிப் பக்கம் புள்ளியியல்காரர்களும் பயோஇன்ஃபர்மாடிக்ஸ்காரர்களும் இருக்கிறார்கள். லேபில் சம்பளம் ஓரளவு திருப்தியாக இருப்பது அவர்களுக்குத்தான், ஏனென்றால் வெளியே கம்பெனிகள் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. உங்களுக்கு கோடிங் கொஞ்சம் வருமென்றால் விட்டுவிடாதீர்கள்.

மருத்துவமனைப் பக்கம் கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர்கள். நோயாளிகளை வருஷாவருஷம் வரவழைத்து நினைவாற்றல் சோதனை, ரத்தம், சில சமயம் முதுகுத் தண்டு நீர் எடுக்க ஏற்பாடு செய்பவர்கள். அமெரிக்காவில் 1984 முதல் அரசுப் பணத்தில் அல்சைமர் ஆய்வு மையங்கள் நடக்கின்றன, இப்போது முப்பதுக்கு மேல். அங்கெல்லாம் இந்த வருடாந்தர வருகைதான் அஸ்திவாரம். பெஞ்சில் இருக்கும் எங்களுக்கு வருவது எண் மட்டும்; பெயர் தெரியக்கூடாது என்பது விதி. கோஆர்டினேட்டருக்கு மட்டும் அந்த எண் யார் என்று தெரியும். பேரன் பெயரை மூன்று வருஷம் முன்பு சொன்னவர், போன வருஷம் தடுமாறியவர், இந்த வருஷம் மனைவியையே அடையாளம் தெரியாதவர். லேப் மீட்டிங்கில் போஸ்ட்டாக் ஒரு புள்ளியைக் காட்டி "இது ஏன் விலகி நிற்கிறது?" என்று கேட்கும்போது, பின் வரிசையில் கோஆர்டினேட்டரின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆபத்து உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். ப்ரியான் (தவறாக மடிந்து, மற்றப் புரதங்களையும் அப்படியே மடிக்கும் தொற்றுப் புரதம்) நோய் லேப் என்றால் உண்டு. பிரான்சில் அரசு வேளாண் ஆய்வு நிறுவனத்தின் லேப் ஒன்றில் 2010-இல் 24 வயது டெக்னீஷியன் ஒருவர், தொற்றேற்றிய எலியின் உறைந்த மூளைச் சீவலைக் கையாளும்போது இடுக்கி முனை கட்டைவிரலில் குத்திவிட்டது. இரண்டு ஜோடி கையுறை போட்டிருந்தார். ஏழரை வருஷம் கழித்து நோய் தெரிந்தது, 2019-இல் இறந்துபோனார். இன்னொரு ஊழியருக்கும் ப்ரியான் நோய் என்று தெரியவந்ததும், 2021 ஜூலையில் பிரான்சின் ஐந்து அரசு ஆய்வு நிறுவனங்கள் ப்ரியான் வேலையை நிறுத்திவைத்தன. அல்சைமர், பார்க்கின்சன் லேபில் இப்படி யாருக்கும் தொற்றியதாகப் பதிவு இல்லை. ஆனாலும் ஆல்ஃபா-சைனூக்ளின் இழைகளை யாரும் அலட்சியமாகக் கையாளுவதில்லை. ஆல்கஹாலால் துடைத்தால் அது போகாது, எஸ்.டி.எஸ். என்ற சோப்புக் கரைசலால் துடைக்கச் சொல்வார்கள், அதைக் கேளுங்கள்.

இன்னொரு வகை ஆபத்து, பொய். மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 2006-இல் 'நேச்சர்' இதழில் ஒரு அல்சைமர் பேப்பர் வந்தது. எலிகளில் நினைவைக் கெடுப்பது அமிலாய்டு (அல்சைமர் மூளையில் தேங்கும் புரதம்) சேர்ந்து உண்டாகும் ஒரு குறிப்பிட்ட கூட்டுதான் என்றது. இரண்டாயிரத்துக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டது. 2022-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் டாக்டர் மேத்யூ ஷ்ராக், அதன் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) படங்களில் கைவைத்த தடயம் இருப்பதாகச் சொன்னது வெளிவந்தது. 2024 ஜூனில் பேப்பர் திரும்பப் பெறப்பட்டது. அமிலாய்டு ஆராய்ச்சி முழுவதுமே பொய் என்று இதைவைத்துச் சிலர் கிளம்பினார்கள், அது தவறு. அந்தத் துறை இந்த ஒரு பேப்பரில் நின்றிருக்கவில்லை. ஸ்வீடனில் ஒரு குடும்பத்தின் மரபணு மாற்றம் பற்றி 2001-இல் வந்த பேப்பரிலிருந்து கிளைத்த வேலைதான், 2023-இல் அமெரிக்கா முழு அனுமதி தந்த லெகானெமாப் மருந்தாக முடிந்தது. ஒன்றரை வருஷச் சோதனையில் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. குணப்படுத்தவில்லை, பக்கவிளைவும் உண்டு. உங்களுக்கு இதில் பாடம் வேறு: நீங்கள் ஓட்டிய ஜெல்லின் அசல் படத்தைத் தேதியோடு லேப் சர்வரில் போட்டு வையுங்கள். "இந்தப் பட்டையைக் கொஞ்சம் சுத்தம் செய்து கொடு" என்று யார் கேட்டாலும், அசலைத் திறந்து காட்டிப் பேசுங்கள்.

ஓபிடி முடிந்து ஊர் திரும்ப வேண்டி வந்தாலும் இந்த அனுபவம் வீணாகாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளைத் திசு வங்கி இருக்கிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரத்துக் கிராமங்களில் முதியவர்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு நடத்துகிறது. திசு வெட்டத் தெரிந்தவர், மாதிரிகளை ஒழுங்காகப் பதியத் தெரிந்தவர் எங்கேயும் அதிகம் கிடையாது.

சேர்வதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளத்தில் அந்த பி.ஐ.யின் கடைசி ஐந்தாறு பேப்பர்களை எடுத்து, நடுவே இருக்கும் பெயர்கள் யார் என்று லேப் இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டெக்னீஷியன்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்தாலே பி.ஐ.யின் குணம் பாதி தெரிந்துவிடும். உங்களுக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் இப்போது எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில். சம்பளம் எந்த கிராண்டிலிருந்து, அது எப்போது முடிகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு எச்1பி வேலை விசா லாட்டரி கிடையாது, எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம். ஆனால் டெக்னீஷியன் பதவிக்குப் போட்டுத் தருவார்களா என்பது துறைக்குத் துறை மாறும், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மனிதத் திசுவோடு வேலை என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. ஊரில் சின்ன வயதில் போட்டதற்கான சான்று இருந்தால் அம்மாவிடம் தேடி ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள், முதல் வாரமே கேட்பார்கள்.